குரைப்புக்குக் கூலி கொடுப்பது யார்? ஓயாமல் குரைக்கும் நாயைப் புரிந்துகொண்டு அமைதிப்படுத்தும் முறை

வாசலுக்கு ஒருவர் பொட்டலம் கொடுக்க வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவரைப் பொறுத்தவரை வந்த வேலை முடிந்தது, கிளம்பினார். நாயின் கணக்கு வேறு: அந்நியன் வந்தான், நான் குரைத்தேன், ஓடிவிட்டான். நாளுக்கு இரண்டு முறை இப்படி நடந்தாலே ஓர் ஆண்டில் எழுநூறு தடவைக்கு மேல் அந்த நாய் ஜெயித்திருக்கும். எழுநூறு முறை பலித்த வித்தையை ‘ஏய், சும்மா இரு’ என்ற ஓர் அதட்டலுக்காக எந்த நாயும் விட்டுவிடாது.

குரைப்பு தொடர்கிறது என்றால் அதற்குக் கூலி கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூலி தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்நியர் விலகிப் போவது கூலி. நீங்கள் திரும்பிப் பார்ப்பது கூலி. கதவு திறப்பது, பந்து பறப்பது, அடுத்த வீட்டு நாய் பதில் குரல் கொடுப்பது எல்லாம் கூலிதான். அது எது என்று கண்டுபிடிக்காமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்த்தால் இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் திரும்பும்.

இன்னொன்று. ஒரே நாய் காலையில் ஒரு காரணத்துக்கும் மாலையில் வேறொரு காரணத்துக்கும் குரைக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. சாப்பாட்டு மேசையின் அருகே நின்று ‘எனக்கும் கொடு’ என்று குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விடுவது சரியான வழி. தனிமையில் நடுங்கிக் குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விடுவது அதைப் பயத்திலேயே தவிக்க விடுவதாகும். ‘குரைத்தால் கண்டுக்காதீங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை பலிக்காமல் போவது இதனால்தான்.

குரைப்பே இல்லாத நாயை எதிர்பார்க்கவும் கூடாது. பசென்ஜி போன்ற இனம் அரிதாகவே குரைக்கும். ஸ்பிட்ஸ், டெரியர், பீகிள், ஷெல்டி போன்றவை இயல்பிலேயே அதிகம் குரைப்பவை. ஆள் வந்தால் இரண்டு மூன்று முறை குரல் கொடுத்துவிட்டு, நீங்கள் ‘போதும்’ என்றதும் நிறுத்துகிற நாய்தான் எட்டக்கூடிய இலக்கு.

முதலில் காதும் கண்ணும்

2004-இல் சோஃபியா யின், பிரெண்டா மெக்கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் 10 நாய்களின் 4,672 குரைப்புகளைப் பதிவு செய்து அலசினார்கள். அழைப்பு மணி கேட்டுக் குரைத்தவை கரகரப்பாக, தாழ்ந்த சுருதியில், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தன. தனியே விடப்பட்டபோதும் விளையாடும்போதும் வந்தவை உயர்ந்த சுருதியில், தெளிவாக, ஏறி இறங்கி ஒலித்தன. ஆய்வகம் இல்லாமலே வீட்டில் இந்த வித்தியாசத்தைக் கேட்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாள் கேட்டுப் பாருங்கள்.

கரகரவென்று விடாமல் அடுக்கடுக்காக வந்தால், உடல் முன்னோக்கிச் சாய்ந்து, வால் விறைத்து, பார்வை ஒரே இடத்தில் குத்தி நின்றால் அது எச்சரிக்கை அல்லது எல்லைக் காவல். ஒற்றைக் குரைப்பு, ஓர் இடைவெளி, உங்கள் முகத்தில் ஒரு பார்வை, மறுபடி ஒற்றைக் குரைப்பு என்றால் அது கேட்டு வாங்கும் குரைப்பு. உயர்ந்த குரலில் குரைத்து, இடையில் சிணுங்கி, கடைசியில் ஊளையில் முடிந்தால் அது பிரிவுப் பயம், அதாவது தனியே விடப்படும் பயம். மணிக்கணக்கில் ஒரே தாளத்தில், எதையும் குறிப்பாகப் பார்க்காமல் குரைத்தால் பெரும்பாலும் சலிப்பு. குரைத்துக்கொண்டே உடல் பின்வாங்கினால், காது பின்னால் ஒட்டி, வால் கால்களுக்கிடையில் போய், உதட்டை நக்கிக்கொண்டால் அது பயம்.

இங்கே ஒரு பழமொழியை ஒதுக்கிவைக்க வேண்டும். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பதை நம்பிக் கையை நீட்டாதீர்கள். பயந்து குரைக்கும் நாய் ‘கிட்டே வராதே’ என்றுதான் சொல்கிறது. அந்தப் பேச்சு எடுபடவில்லை என்றால் அடுத்தது பல்தான். குறிப்பாகக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பிடரி முடி சிலிர்ப்பதைக் கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பயத்திலும் பரபரப்பிலும்கூட அது சிலிர்க்கும்.

அடுத்து, ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்கள். பலர் தாண்டிக் குதிக்கும் படி இது, ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் போதும்: மணி, நாய் நின்ற இடம், குரைப்புக்கு முந்தைய நொடி என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எதனால் நின்றது. கடைசிக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள், கூலி ஒளிந்திருப்பது அங்கேதான். ‘மாலை 6:10, சோபா மேல், ஜன்னல் வழியாக ஒரு சைக்கிள், 40 நொடி, சைக்கிள் போனதும் நின்றது’ என்று எழுதியிருந்தால் பாதித் தீர்வும் அந்த வரியிலேயே இருக்கிறது. ஏழு நாளில் வரிகள் தாமாகவே இரண்டு மூன்று கொத்துகளாகச் சேரும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திருத்தப் பார்க்காமல், மிகப் பெரிய கொத்தை மட்டும் முதலில் எடுங்கள்.

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். காதுத் தொற்று, பல் வலி, மூட்டு வலி, பார்வைக் குறைவு, தோல் அரிப்பு எல்லாம் நாயைச் சிடுசிடுப்பாக்கும். வலியோடு இருக்கும் நாய்க்கு எந்தப் பாடமும் ஏறாது.

ஒத்திகையை நிறுத்துங்கள்

பழகப் பழகக் கைவரும் என்பது குரைப்புக்கும் பொருந்தும். பயிற்சி பத்து நிமிடம், மீதி நாள் முழுக்க ஜன்னலில் ஒத்திகை என்றால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பாடம் தொடங்குவதற்கு முன்பே வீட்டை மாற்றுங்கள்.

ஜன்னலில் குரைக்கும் நாய்க்கு, அதன் கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரை கண்ணாடியில் மங்கலான ஸ்டிக்கர் தாளை ஒட்டினால் வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. சோபாவை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். அது ஏறி நிற்கும் காவல் கோபுரம் அதுதான். கம்பி வேலி வழியாகக் குரைத்தால் வேலியின் கீழ்ப்பாதியைத் தட்டியால் மறையுங்கள். சத்தத்துக்குக் குரைக்கும் நாய் படுக்கும் அறையில் ஃபேனோ, தொடர்ந்து சீராக ஒலிக்கும் வேறு ஏதாவதோ ஓடட்டும். அது முழு அமைதியைவிட மேல். அமைதியான அறையில் மாடிப்படிக் காலடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். இசை வைப்பதானால் ஒரே பட்டியலைத் தினமும் ஓட்டாதீர்கள். காப்பகங்களில் நடந்த சோதனைகளில், ஒரே வகை இசை சில நாளிலேயே பழகிப்போய் அதன் பலன் குறைந்தது.

சங்கிலியில் கட்டிப்போட்டால் அடங்கும் என்பது தவறான கணக்கு. கண்ணுக்குத் தெரிகிறது, எட்ட முடியவில்லை என்ற தவிப்பு குரைப்பை வளர்க்கத்தான் செய்யும்.

உறக்கமும் வேலையும் இந்த இடத்தில்தான் வருகின்றன. வளர்ந்த நாய்க்கு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், குட்டிக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வேண்டும். கூடத்தின் நடுவில் படுக்கை போட்டால் அது கிடைக்காது. தூக்கம் கெட்ட குட்டி, மாலையானதும் காரணமே இல்லாமல் குரைத்துக் கடித்து ஆர்ப்பாட்டம் செய்யும். பலர் அதற்கு இன்னும் விளையாட்டுக் காட்டி நிலைமையை மோசமாக்குகிறார்கள். அதைத் தூங்க வைக்க வேண்டும்.

நடைபயிற்சியில் வேகத்தைவிட மோப்பம் முக்கியம். 25 நிமிடம் லீஷைத் தளர்த்திப் பிடித்து, நாய் நிற்கிற இடத்தில் நீங்களும் நின்று, முகர விட்டுப் பாருங்கள். ஓட்டம் உடம்பைக் களைப்பாக்கும். மோப்பம் மூளையைக் களைப்பாக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் போடாமல் பழைய துணியில் சுருட்டியோ, புல்வெளியில் தூவியோ கொடுத்தால் இரண்டு நிமிடச் சாப்பாடு இருபது நிமிட வேலையாகிவிடும். சலிப்புக் குரைப்பில் பெரும்பகுதி இத்தோடு தீர்ந்துவிடும்.

‘போதும்’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள் கொடுப்பது

தேவையானவை: பட்டாணி அளவில் நறுக்கிய 30 துண்டு மென்மையான தின்பண்டம் (உப்பில்லாமல் வேகவைத்த கோழி நன்றாக வேலை செய்யும்), அமைதியான அறை, ஐந்து நிமிடம். பயிற்சித் தின்பண்டம் நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) கலந்த எதுவும் கூடாது, அவை நாய்க்கு நஞ்சு.

ஒரு சிறு சத்தத்தால் நாயைக் குரைக்க வையுங்கள். மேசையில் விரலால் தட்டினாலே பல நாய்களுக்குப் போதும். இரண்டு மூன்று முறை குரைக்கட்டும். ‘போதும்’ என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். உடனே தின்பண்டம் வைத்த மூடிய கையை அதன் மூக்குக்கு ஓர் அங்குலத்தில் கொண்டுபோங்கள். மூக்குத் துவாரங்கள் விரியும், தலை சற்றுத் தாழும், வாய் மூடும். ஆழ்ந்து முகர்கிற நேரத்தில் அதற்குக் குரைக்க வராது. வாய் மூடியதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, ‘சபாஷ்’ என்று சொல்லி, கையைத் திறந்து கொடுங்கள். ‘சபாஷ்’ வர வேண்டியது வாய் மூடியிருக்கும் நொடியில். ஒரு நொடி தாமதித்து, அதற்குள் இன்னொரு குரைப்பு வந்துவிட்டால் நீங்கள் சம்பளம் கொடுத்தது அந்தக் குரைப்புக்கு.

ஐந்தாறு முறை இரண்டு நொடி சரியாக வந்தால் மூன்று, ஐந்து, எட்டு, பதினைந்து என்று நீட்டுங்கள். இடையிடையே சுலபமான இரண்டு நொடியும் வரட்டும். ஒவ்வொரு முறையும் கடினமாகிக்கொண்டே போனால் நாய் மனம் விட்டுவிடும். இருபது முப்பது முறைக்குப் பின் கையை மூக்கருகே கொண்டுபோகாமல், சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். நிறுத்தினால் பாடம் ஏறிவிட்டது. இல்லையென்றால் இன்னும் இரண்டு நாள் கையோடு.

ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. புத்திசாலி நாய்கள் சில நாளிலேயே ‘குரை, போதும் கேள், தின்பண்டம் வாங்கு’ என்று சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். வந்து உங்கள் முன் நின்று இரண்டு குரைப்பு குரைத்துவிட்டு, தானே நிறுத்தி, கையைப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் இரண்டைச் செய்யுங்கள். அமைதி நேரத்தை முப்பது நொடிக்கு மேல் நீட்டுங்கள். கூடவே, குரைப்பே இல்லாமல் சும்மா படுத்திருக்கும் நேரங்களில், ஒன்றும் சொல்லாமல், போகிற போக்கில் ஒரு துண்டை அதன் முன்னங்காலருகே வைத்துவிட்டுப் போங்கள். நாய் அமைதியாக இருக்கும்போது யாருமே அதைக் கவனிப்பதில்லை, குரைத்தால் வீடே திரும்பிப் பார்க்கிறது. கணக்கை அந்த இடத்தில்தான் திருப்ப வேண்டும்.

காலிங் பெல்

பெரும்பாலான வீடுகளில் தலைவலி இதுதான். இதற்கு இரண்டு வேலைகளைத் தனித்தனியே செய்து, பிறகு ஒட்டுங்கள்.

முதல் வேலை, மணிச் சத்தத்தின் பொருளை மாற்றுவது. உங்கள் வீட்டு மணியையே மொபைலில் பதிவு செய்யுங்கள், வேறு மணி வேண்டாம். காது லேசாக அசையும் அளவுக்கு, அதற்கு மேல் போகாமல், குறைந்த ஒலியில் ஓட்டுங்கள். ஓட்டிய ஒரு நொடியில் தின்பண்டம். பத்து முறை, நாளுக்கு இரண்டு அமர்வு. மணி கேட்டதும் நாய் கதவைப் பார்க்காமல் உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒலியை ஒரு படி கூட்டுங்கள். குரைத்துவிட்டால் தவறு நாயுடையது அல்ல, படி பெரிதாகிவிட்டது. இரண்டு படி இறங்குங்கள்.

வரிசை மாறக் கூடாது. முதலில் மணி, பிறகு தின்பண்டம். பலர் பொட்டலத்தைச் சரசரக்க வைத்துவிட்டு மணியை ஓட்டுகிறார்கள். அப்போது நாய் கற்றுக்கொள்வது பொட்டலத்தை, மணியை அல்ல. மறுநாள் உண்மையான மணி அடிக்கும், பொட்டலச் சத்தம் இருக்காது, குரைப்பு பழையபடி வரும்.

இரண்டாவது வேலை, நாய்க்கு ஓர் இடம் கொடுப்பது. கதவிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளி, வாசல் கண்ணில் படும்படி ஒரு விரிப்பைப் போடுங்கள். அதன் மேல் ஒரு துண்டு தின்பண்டத்தைப் போட்டு, நாய் கால் வைத்ததும் ‘சபாஷ்’. தானாகப் போய் நிற்கத் தொடங்கியதும் ‘இடம்’ என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு உட்கார்ந்தால், பிறகு படுத்தால், பிறகு நீங்கள் இரண்டடி விலகினால், கதவு வரை போனால், கதவுக் கைப்பிடியைத் தொட்டால், கதவைத் திறந்து மூடினால் என்று ஒவ்வொன்றாக. நாய் எழுந்து வந்துவிட்டால் திட்ட வேண்டாம், முந்தைய படிக்குத் திரும்பினால் போதும்.

இரண்டும் தனித்தனியே கைவந்த பிறகு ஒட்டுங்கள். மணி, ‘இடம்’, விரிப்பில் படுத்ததும் மூன்று நான்கு துண்டு ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் வீட்டில் ஒருவர் வெளியே போய் மணி அடிக்கட்டும். அதில் தேறிய நாய் அந்நியர் வந்ததும் மறந்துபோவது சகஜம். வாசலில் நிற்பது வீட்டு மனிதர்தான் என்று அதன் மூக்குக்குத் தெரியும், அதனால் அது பாதிப் பரீட்சைதான். நாய்க்கு அதிகம் பழக்கமில்லாத நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, அரை மணி நேரத்தில் ஆறேழு முறை வந்துபோகச் சொல்லுங்கள். ஆறாவது முறை வருபவரிடம் நாய்க்குப் பாதி ஆர்வம் போயிருக்கும், வேலைக்கு அதுவே நல்ல நேரம்.

இந்த இரண்டு மூன்று வாரமும் உண்மையான மணியைத் துண்டித்துவிட்டு, ‘வந்ததும் போன் செய்யவும்’ என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள், பகலெல்லாம் கட்டியதை ஒரே மணியில் இழந்துவிட்டு, நாய்க்குப் புத்தியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

கேட்டு வாங்கும் குரைப்பு

இதற்கு முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். குரைத்தால் பார்வை இல்லை, பேச்சு இல்லை, தொடுதல் இல்லை. ‘ச்சூ’ என்பதும் பேச்சுதான். உடலைத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது எழுந்து அறையை விட்டுப் போங்கள். ஐந்து நொடி அமைதியானதும் திரும்பி வந்து, ‘உட்கார்’ சொல்லி, உட்கார்ந்ததும் கேட்டதைக் கொடுங்கள். குரைத்தால் கிடைக்காது, உட்கார்ந்தால் கிடைக்கும் என்ற மாற்று வழி அதற்குத் தெரிய வேண்டும். வெறுமனே மறுப்பது மட்டும் பயிற்சியாகாது.

முதல் சில நாளில் குரைப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடும். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்கவில்லை என்றால் நாமும் இன்னும் பலமாகத்தானே தட்டுவோம். அது முறை பலிக்கிறது என்பதன் அடையாளம். சரியாக அந்த உச்சத்தில், நான்காம் நாள் ஐந்தாவது நிமிடத்தில், வீட்டில் ஒருவர் ‘பாவம்’ என்று ஒரு துண்டை நீட்டிவிட்டால், ஐந்து நிமிடம் விடாமல் குரைத்தால் கிடைக்கும் என்ற பாடத்தை அவரே நடத்திவிட்டார். பத்து முறையில் ஒரு முறை கிடைக்கும் கூலி, ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிடப் பிடிவாதத்தை வளர்க்கும். ஆகவே தொடங்கும் முன் தாத்தா பாட்டி முதல் குழந்தை வரை எல்லாரிடமும் பேசி முடிவெடுங்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அவர் சாப்பிடும் நேரத்தில் நாயை வேறு அறையில் மெல்லும் பொம்மையோடு விடுவதே மேல்.

வெளியே போக வேண்டும் என்று கதவருகே குரைக்கும் குட்டிக்கு இதைப் பொருத்தாதீர்கள். அதன் வயிறு சொல்வதற்குக் காது கொடுத்தே ஆக வேண்டும்.

லீஷில் இருக்கும்போது மற்ற நாயைக் கண்டு

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தூரம் இருக்கிறது. அதற்கு அப்பால் பார்க்கும், காது நிமிரும், ஆனால் பெயர் சொன்னால் திரும்பும், கொடுத்தால் தின்னும். அதற்குள் வந்தால் எதுவும் காதில் ஏறாது. சில நாய்க்கு அது 20 அடி, சிலவற்றுக்கு 150 அடி. தின்பண்டத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் தட்டிவிடுகிறது என்றால், தின்பண்டம் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், எல்லைக்குள் வந்துவிட்டீர்கள்.

அந்த எல்லைக்கு வெளியே நின்று வேலை செய்யுங்கள். உங்கள் நாய் மற்ற நாயைப் பார்த்த நொடியில் ‘சபாஷ்’, ஒரு துண்டு. அது மறையும்வரை தொடர்ந்து. மறைந்ததும் நிறுத்துங்கள். மற்ற நாய் தெரிந்தால்தான் விருந்து என்ற தொடர்பு அப்போதுதான் பிறக்கும். சில வாரத்தில் நாய் எதிரே ஒன்றைப் பார்த்ததும் தானாகவே உங்கள் பக்கம் திரும்பும். அதன் பிறகு ஐந்தைந்து அடியாகக் கிட்டே போகலாம். எதிரெதிரே நேர்கோட்டில் போவதை நாய்கள் விரும்புவதில்லை, வளைந்து கடந்து செல்லுங்கள். லீஷை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், உங்கள் கையின் பதற்றம் அதன் கழுத்துக்குப் போய்ச் சேரும்.

திருப்பத்தில் திடீரென்று ஒரு நாய் முகத்துக்கு நேரே வந்துவிட்டால், பாடம் எடுக்க நேரமில்லை. திரும்பி நடந்துவிடுங்கள். ஒரு முறை வெடித்த நாயின் உடல் இறங்க நேரமாகும். வழக்கமாகச் சட்டை செய்யாத சைக்கிளுக்குக்கூட அடுத்த அரை மணியில் குரைக்கும். அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்தி வீடு திரும்புவதில் இழப்பொன்றும் இல்லை.

தனியே விட்டால்

நீங்கள் இல்லாதபோது நடப்பதால் ஊகிக்காமல் பாருங்கள். பழைய மொபைலைக் கேமராவாக வைத்து, வெளியே போய் 30 நிமிடம் பதிவு செய்யுங்கள். பிரிவுப் பயம் இருக்கும் நாய் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். கதவைச் சுரண்டும், மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், ஊளையிடும், வைத்துவிட்டுப் போன தின்பண்டத்தைத் தொடாது. தின்றுவிட்டுத் தூங்கி, எழுந்து, ஜன்னலில் யாரையோ பார்த்துக் குரைத்தால் அது பிரிவுப் பயம் அல்ல. முன்னே சொன்ன ஜன்னல் வைத்தியமும் மோப்ப வேலையும் அதற்குப் போதும்.

பிரிவுப் பயத்துக்கு அவசரமே கூடாது. கதவுக் கைப்பிடியைத் தொட்டுத் திரும்பி வந்து உட்காருங்கள். நாய் சலனமில்லாமல் இருந்தால் கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு வெளியே இரண்டு நொடி. பிறகு 5, 12, 8, 20, 3, 30 நொடி என்று கலைத்துப் போட்டு நீட்டுங்கள். எப்போதும் கூடிக்கொண்டே போனால் நாய் அடுத்ததை எதிர்பார்த்தே பதறும். ஓர் அமர்வில் ஐந்தாறு முறை, கேமராவில் முகத்தைப் பார்த்தபடி. பதற்றம் தொடங்குவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். முதல் அரை மணியை எட்ட வாரக்கணக்கில் ஆகும். அதைத் தாண்டிய பிறகு தாவல்கள் பெரிதாகும்.

இதில் மிகவும் கடினமான நிபந்தனை, பயிற்சிக் காலத்தில் அதன் தாங்கும் அளவைத் தாண்டித் தனியே விடக் கூடாது என்பது. உறவினர், நண்பர், பகல்நேரக் காப்பகம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கூண்டில் அடைத்தால் பாதுகாப்பு என்று எண்ணி அடைத்து, கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொண்ட நாய்கள் உண்டு. பயம் கடுமையாக இருந்தால் மருத்துவர் ஃப்ளுவாக்செட்டின் அல்லது க்ளோமிப்ரமின் எழுதிக் கொடுக்கலாம். இரண்டும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றவை. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், பயிற்சியோடு சேர்த்தால்தான் பயன். மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

செய்யவே கூடாதவை

நாய் குரைக்கும்போது நீங்கள் கத்தினால், கூட்டத்தில் இன்னொருவரும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குத் தோன்றும். குரைத்தால் அதிர்ச்சி கொடுக்கும் மின் கழுத்துப் பட்டை தரும் வலியை நாய் தன் குரைப்போடு மட்டும் பொருத்திக்கொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த நொடியில் எதிரே வந்த குழந்தையோடு பொருத்திக்கொண்டால் குரைப்பு கடியாக மாறும். வேல்ஸ் நாடு 2010-இலேயே இந்தப் பட்டைகளைத் தடை செய்துவிட்டது. வாசனை பீய்ச்சும் பட்டை அதைவிடச் சாது, ஆனால் நாய் பழகிவிடும், பட்டை கழற்றியிருக்கும் நேரத்தையும் தெரிந்துகொள்ளும். உயர் அதிர்வெண் ஒலி எழுப்பும் கருவிகளும் உண்டு. மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ், நாய்க்கு ஏறக்குறைய 45,000. அடுத்த வீட்டு நாயின் குரைப்புக்கும் அந்தக் கருவி கத்தினால், உங்கள் நாய் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பது உங்களுக்குக் கேட்கவே கேட்காது.

வாய்க்கூட்டை இறுக்கிக் கட்டிக் குரைப்பை நிறுத்துவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்து. நாய் தன் உடல் வெப்பத்தை முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் வெளியேற்றுகிறது. வாய் திறக்க முடியாத நாய் வெப்பத்தில் இறந்துபோகலாம். குரல்நாணை வெட்டும் அறுவை சிகிச்சையை வளர்ப்புப் பிராணிகளுக்கான 1987-ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கை தடை செய்கிறது. வெட்டிய பிறகும் நாய் கரகரத்த குரலில் குரைத்துக்கொண்டுதான் இருக்கும், தழும்பு வளர்ந்து மூச்சுக்குழல் சுருங்கவும் கூடும். குரைக்க வைத்த பயமோ சலிப்போ அப்படியேதான் இருக்கும்.

வயதான நாயின் இரவுக் குரைப்பு

பத்து வயதைத் தாண்டிய நாய் நள்ளிரவில் எழுந்து, சுவரைப் பார்த்தோ, கூடத்தின் நடுவில் நின்றோ குரைத்தால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளைத் தளர்வு, மூட்டு வலி, காது மந்தம், கண் மங்கல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கலாம். பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பழகிய கதவின் தவறான பக்கம் நிற்பது, மூலையில் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் நிற்பது இவையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள். இந்த நாய்க்கு ‘போதும்’ பாடம் எடுத்துப் பயனில்லை. அதற்குத் தேவை வழி தெரிவது.

படுக்கைக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். வழுக்கும் தரையில் ரப்பர் அடித்தள விரிப்பு போடுங்கள். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். நீங்கள் படுக்கப் போகும் முன் ஒரு முறை வெளியே கூட்டிப் போய்வாருங்கள். படுக்கையை உங்கள் கட்டிலருகே கொண்டுவாருங்கள். விழிக்கும்போது உங்கள் வாசனை எட்டும் தூரத்தில் இருந்தால் பல நாய்கள் மறுபடி படுத்துவிடும். காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டு எழுப்பாமல், அதன் அருகே தரையைக் காலால் மெல்லத் தட்டி அதிர்வைக் கொடுங்கள். காது மட்டுமே மந்தமான நாய்க்கு, ‘போதும்’ என்ற சொல்லுக்குப் பதிலாக, திறந்த உள்ளங்கையை அதன் கண்முன் காட்டி, வாய் மூடியதும் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் சில நாளில் புரிந்துகொள்ளும். காது முழுவதும் அடைபடும் முன்பே, இன்னும் கொஞ்சம் கேட்கும் காலத்திலேயே, சொல்லோடு சேர்த்து இந்தக் கைச் சைகையையும் காட்டிவந்தால் இன்னும் சுலபம்.